78,000 ரூபாய் மானியத்துக்காக 3 கிலோவாட் போடலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கரண்ட் பில் இறந்துபோன அப்பா பெயரில் வருகிறது. முன்பக்கம் ஓட்டு வீடு, பின்னால் சிறிதாக ஒரு டெரஸ். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. பொள்ளாச்சியிலிருந்து வந்த சோலார் டீலர், "3 கிலோவாட் போட்டால் கவர்மென்ட் 78,000 தரும், கிட்டத்தட்ட இலவசம்தான்" என்கிறார். ஏசி, ஃபிரிட்ஜ் மாற்றவோ வீட்டுச் சூடு குறைக்கவோ வேறு மானியம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மானியம் கிடைக்குமா என்பது மேலோட்டமான கேள்விதான். அந்த மானியம் உங்கள் வீட்டுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், கைக்கு வரும்வரை எங்கெங்கே சிக்கும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சோலார் விற்பவன் இல்லை. சித்தூர் தாலுக்காவில் பல வருடங்களாக வயரிங் வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சோலார் விண்ணப்பம், விலைப்பட்டியல் எல்லாம் பார்த்துக் கொடுப்பதும் வேலையோடு சேர்ந்துவிட்டது. சொத்து, வாரிசு விஷயங்கள் என் துறை இல்லை. அந்த இடத்தில் பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். டீலர் சொல்வது மத்திய அரசின் பிரதமர் சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒரு கோடி வீடுகள் இலக்கு, 2026-27 நிதியாண்டு வரை காலம். மானியக் கணக்கு சுலபமானது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் ஒரு பைசாகூட அதிகம் வராது. அதாவது 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. வருமான வரம்பு கிடையாது. ரேஷன் கார்டு மஞ்சளா, பிங்க்கா, வெள்ளையா என்று யாரும் கேட்பதில்லை. வீடு சொந்தமாக இருக்க வேண்டும், கூரை வேண்டும், வீட்டு இணைப்பு இருக்க வேண்டும், இதற்கு முன் சோலார் பேனலுக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் தகுதி. தோட்டத்து மோட்டார் இணைப்புக்கு இது பொருந்தாது. நம் பக்கம் வீட்டுக்கு ஒரு மீட்டர், கிணற்றுக்கு ஒரு மீட்டர் என்று இருப்பது சகஜம் என்பதால் சொல்கிறேன்: விண்ணப்பத்தில் வீட்டு நுகர்வோர் எண்ணைத்தான் போட வேண்டும்.

இது முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் தள்ளுபடி இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். முழு விலையையும் நீங்கள் டீலருக்குக் கொடுக்க வேண்டும். பேனல் ஏறி, நெட் மீட்டர் (நீங்கள் கொடுக்கும் யூனிட், எடுக்கும் யூனிட் இரண்டையும் அளப்பது) மாட்டி, மின்வாரியம் வந்து பார்த்து இணைப்பு கொடுத்து, அதற்கான சான்று இணையதளத்தில் ஏறிய பிறகு உங்கள் வங்கி விவரத்தைப் பதிய வேண்டும். அதற்கப்புறம்தான் பணம் நேரே உங்கள் கணக்குக்கு வரும். பதிந்த 30 நாளுக்குள் என்பது அரசு சொல்வது. தாமதமாகும் வீடுகளும் உண்டு. "மானியத்தை நாங்கள் கழித்துக்கொள்கிறோம், மிச்சம் மட்டும் கொடுங்கள்" என்று ஒரு டீலர் சொன்னால், அந்தத் தொகையை அவர் தன் கையிலிருந்து முன்பணமாகப் போடுகிறார் என்று பொருள். அது அவருக்கும் உங்களுக்கும் உள்ள ஏற்பாடு. நல்லதாகவே இருக்கலாம், ஆனால் மானியம் வராமல் போனால் யார் தலையில் விழும் என்பதை எழுதி வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பிஎம்சூர்யகர் டாட் ஜிஓவி டாட் இன் என்பதுதான் சரியான முகவரி. அதே மாதிரி பெயரில் வேறு தளங்களும், "மானியப் பிராசஸிங் ஃபீஸ்" என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் போன்களும் நிறைய வருகின்றன.

இப்போது உங்கள் 380 யூனிட். மாதத்துக்கு 190 என்று வைத்துக்கொள்வோம். டீலர்கள் கணக்கை 78,000-த்திலிருந்து தொடங்குவார்கள், நான் பில்லிலிருந்து தொடங்குவேன். கேரளத்தில் வீட்டுக் கட்டணம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும். முதல் 50 யூனிட் மூன்று ரூபாய் சொச்சம், 150-க்கு மேல் யூனிட்டுக்கு ஏழு ரூபாயை ஒட்டி, 200-க்கு மேல் எட்டு ரூபாய் சொச்சம். 250-ஐத் தாண்டிவிட்டால் படிக்கட்டே போய்விடும். முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை, ஆறு ரூபாய்க்கு மேல். அந்த ஒரு யூனிட் தாண்டியதற்காக மாதத்துக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கோடு 500 யூனிட்டில் இருக்கிறது. சோலாருக்கு உண்மையிலேயே லாபம் கொழிப்பது இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் வீடுகளில்தான். நீங்கள் அதற்குக் கீழே இருக்கிறீர்கள்.

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், மாதம் 120 யூனிட் என்று கணக்கு வைக்கலாம். இது வருடச் சராசரி. ஆனி, ஆடியில் மேகமூட்டத்தில் குறையும். மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும்போது நிறைய வரும் என்று பலர் நினைக்கிறார்கள், நினைக்கிற அளவுக்கு வராது. பேனலின் திறனை அளப்பது 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். பங்குனி மதியத்தில் நம் டெரஸ் மேல் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆனாலும் கேரளத்தின் மற்ற பகுதிகளைவிட நம் கிழக்குப் பக்கம் மழை குறைவு என்பதால் வருடக் கணக்கில் நமக்கு நஷ்டமில்லை.

உங்களுக்கு 2 கிலோவாட் போட்டால் மாதம் 240 யூனிட். தேவை 190. ஐம்பது யூனிட் மிச்சமே வரும். 3 கிலோவாட் போட்டால் 360, அதாவது 170 யூனிட் மிச்சம். மிச்சமாகும் யூனிட் அடுத்த பில்லுக்குக் கணக்கில் சேரும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அப்போதும் மீதமிருப்பதை மின்வாரியம் விலைக்கு எடுத்துக்கொள்ளும். அந்த விலை நீங்கள் வாங்கும் விலை இல்லை, யூனிட்டுக்கு மூன்று ரூபாயை ஒட்டித்தான். இதுதான் டீலர் வாய் திறந்து சொல்லாத இடம்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கையில் உள்ள விலைப்பட்டியலைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மானியம் போக 2 கிலோவாட்டுக்கு உங்கள் கைக்காசு 80,000, மூன்றுக்கு 1,17,000. மாதம் 190 யூனிட்டுக்கான மின்கட்டணம் வரியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய் அளவுக்கு வரும், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். 2 கிலோவாட் அதை முழுதாக மிச்சம் செய்து, மீதி யூனிட்டில் இன்னும் ஆயிரத்து எழுநூறு எண்ணூறு தரும். ஆறு வருடத்தில் போட்டது திரும்பும். மூன்றாவது கிலோவாட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். அதற்குக் கூடுதலாக 55,000 செலவு, 18,000 மானியம், கைக்காசு 37,000. அது உண்டாக்கும் மின்சாரம் முழுவதும் மூன்று ரூபாய்க்குத்தான் போகும், வருடத்துக்கு 4,300 ரூபாய். எட்டரை வருடம். நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், வங்கியில் போட்டுவைத்தாலும் இதைவிட அதிகம் வந்துவிடாது. ஆனால் அந்த மூன்று ரூபாய் எப்போதும் மூன்று ரூபாயாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே, ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ இண்டக்ஷன் அடுப்போ இரண்டு வருடத்துக்குள் வாங்கும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள். இல்லையென்றால் 2 போதும். 78,000 என்ற எண்ணைக் காட்டி யாராவது ஆசை காட்டினால், அதில் 60,000 இரண்டிலேயே வந்துவிடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 100 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீடுகள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களும் என்னிடம் இதே கேள்வியோடு வருவார்கள். அவர்கள் கட்டுவது மாதம் முந்நூற்றுச் சொச்சம் நானூறு. 1 கிலோவாட்டுக்கு 30,000 மானியம் போக நாற்பது ஐம்பதாயிரம் கைக்காசு போட்டால் திரும்பி வரப் பத்து வருடம் ஆகும். அவசரம் வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். மாதம் 350 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் மூன்றரை நான்கு வருடத்தில் போட்டதை எடுத்துவிடும். மானியம் எல்லாருக்கும் ஒன்றுதான், லாபம் வீட்டுக்கு வீடு வேறு. எல்லை தாண்டினாலும் இதே கதை. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் இதே 78,000 கிடைக்கும். ஆனால் அங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், கட்டணப் படிகளும் வேறு. அவர் சொல்லும் லாப நஷ்டக் கணக்கை அப்படியே நம் பில்லுக்குப் பொருத்த முடியாது. டீலர் பொள்ளாச்சியில் காட்டும் கணக்கும் அப்படித்தான். உங்கள் பழைய ஆறு பில்லை அவர் முன்னால் வைத்து, கேரளக் கட்டணத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

"இலவச மின்சாரம்" என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோலார் போட்டாலும் ஃபிக்சட் சார்ஜ், மீட்டர் வாடகை எல்லாம் பில்லில் வரும். பூஜ்ய பில் என்பது விளம்பரப் பேச்சு. இன்னொன்று, கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போகக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். ஆடிக்காற்றில் அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதைத் தெரியாமல் போட்டுவிட்டுச் சண்டை பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி வைத்தால் ஓடும், ஆனால் பேட்டரிக்கு இந்தத் திட்டத்தில் தனி மானியம் இல்லை.

இனி அப்பா பெயர். உங்கள் விஷயத்தில் முதலில் முடிக்க வேண்டியது இதுதான். விண்ணப்பம் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும், மானியமும் அவர் பெயரில்தான். இறந்தவர் பெயரில் விண்ணப்பித்து, மகன் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் கடைசிக் கட்டத்தில் போய் நிற்கும். எல்லாச் செலவும் செய்தபிறகு அங்கே நிற்பது போன்ற வயிற்றெரிச்சல் வேறில்லை. ஆகவே டீலருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மின்வாரியத்தின் செக்ஷன் ஆபீஸில் ஓனர்ஷிப் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டதென்றால் வேலை சுலபம்: கரம் அடைத்த (வரி கட்டிய) ரசீது அல்லது பஞ்சாயத்தின் உரிமைச் சான்று, அடையாள அட்டை, விண்ணப்பம். இன்னும் பிரிக்கவில்லை, அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய சம்மதம் எழுத்தில் வேண்டியிருக்கும். அதில் ஏதாவது மனக்கசப்பு இருந்தால் அது வக்கீலிடம் போகும் வேலை, மின்வாரியத்தில் தீராது. பெரும்பாலான வீடுகளில் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றி, அம்மா பெயரிலேயே விண்ணப்பிப்பதுதான் சிக்கலில்லாத வழியாக இருக்கிறது. அப்படியானால் வங்கிக் கணக்கும் அம்மாவுடையதாக இருக்க வேண்டும். கணக்கு பொள்ளாச்சி கிளையில் இருக்கிறதா கொழிஞ்சாம்பாறை கிளையில் இருக்கிறதா என்பது பொருட்டில்லை. பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் பில்லிலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். தமிழ்ப் பெயர்கள் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும், இனிஷியல் முன்னால் பின்னால் ஏறும். இதை அரசு இணைய சேவை மையமான அக்ஷயா சென்டரில் உட்கார்ந்து முதலிலேயே சரிபாருங்கள். மலையாளத்தில் எழுத வராது என்று தயங்க வேண்டாம். நம்முடையது மொழிச் சிறுபான்மைப் பகுதி, மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

பெயர் மாறிய பிறகு இணையதளத்தில் மாநிலம் கேரளம், வாரியம் கேஎஸ்இபி என்று தேர்ந்தெடுத்து நுகர்வோர் எண்ணைப் போட்டுப் பதிய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்கும் தனிக் கட்டம் இப்போது தேவையில்லை. 2024-ல் வந்த மத்திய அரசு விதித் திருத்தத்தின்படி அது ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்புறம் இணையதளத்தின் டீலர் பட்டியலில் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் பொள்ளாச்சிக்காரர் பெயர் கேரளப் பட்டியலில் வருகிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் காட்டும் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் நூறு வீடு செய்திருக்கலாம், இங்கே பதிவில்லை என்றால் அவர் வழியாக மானியம் வராது. பட்டியலில் இருந்தால் ஊர் வேறு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஐந்து வருடப் பராமரிப்பு அவர் பொறுப்பு என்பது திட்டத்தின் நிபந்தனை. எல்லை தாண்டி வந்து எத்தனை நாளில் பார்ப்பார் என்று மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

விலைப்பட்டியலில் நான் முதலில் தேடுவது பேனல் வகை. இந்த மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல்லும் இந்தியாவில் செய்த பேனலும் வேண்டும். டிசிஆர் என்று சொல்வார்கள். வெளிநாட்டு செல் வைத்த பேனல் விலை குறைவு. ஒருவர் மற்ற எல்லாரையும்விடப் பதினைந்து இருபதாயிரம் குறைத்துச் சொன்னால், அது டிசிஆர்தானா என்று கேளுங்கள், சீரியல் எண்களோடு சான்று கேளுங்கள். அடுத்தது கிலோவாட் கணக்கு. பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டர் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஐந்து போட்டு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்தால் அது 2.7 கிலோவாட்தான். மானியம் 78,000 இல்லை, 72,600. நெட் மீட்டர், சோலார் மீட்டர் விலையும் அவற்றின் பரிசோதனைச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கடைசியில் தனியாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைத் தேதி மாற்றிக் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

கையில் பணமில்லை என்றால் அரசு வங்கிகளில் 3 கிலோவாட் வரை இரண்டு லட்சம் அளவுக்கு ஈடு இல்லாத கடன் கிடைக்கிறது, வட்டி ஆறு ஏழு சதவீத வாக்கில். டீலரே கொண்டுவரும் தனியார் ஃபைனான்ஸ் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கூரைக்கு வருகிறேன். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2 கிலோவாட்டுக்கு உங்கள் சின்ன டெரஸே போதுமாக இருக்கும். ஓட்டின் மேல் போடுவதை மானிய விதி தடுக்கவில்லை, ஆனால் நான் தடுப்பேன். பழைய கைமரம் அந்த எடையையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சேர்த்துத் தாங்குமா என்று ஆசாரியைக் கூட்டிவந்து பார்க்காமல் செய்யவே கூடாது. ஓடு மாற்றவும் கரையான் பார்க்கவும் பேனலைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. தெற்குப் பக்கத்துத் தென்னையைக் கவனியுங்கள். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும், தேங்காய் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. சாய்வு பத்துப் பன்னிரண்டு டிகிரி தெற்கு நோக்கி இருந்தால் நம் அட்சரேகைக்குச் சரி. ஸ்டாண்ட் முழுக்கக் கால்வனைஸ் செய்த இரும்பாக இருக்கட்டும், டெரஸில் துளை போட்ட இடத்தில் ஒழுகாமல் அடைத்துத் தருவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். போர்வெல் தண்ணீரில் பேனல் கழுவினால் நம் ஊர் உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும். காலையில், வெயில் ஏறும் முன், மழைத் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ போதும்.

இப்போது உறுதியில்லாத பகுதி. நெட் மீட்டரிங், அதாவது நீங்கள் கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழிக்கும் முறை, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மானியம் மத்திய அரசுடையது, இந்தக் கணக்கு மாநிலத்துடையது. 2025-ல் கேரள ஆணையம் புதிய வரைவு விதிகளை வெளியிட்டபோது சோலார் போட்டவர்களிடையே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எந்த அளவு வரை நெட் மீட்டரிங், பேட்டரி கட்டாயமா, மிச்ச யூனிட்டுக்கு என்ன விலை என்பவைதான் சண்டையின் மையம். மேலே நான் போட்ட கணக்கு ஒன்றுக்கு ஒன்று கழியும் என்ற அடிப்படையில் போட்டது. ஒப்பந்தம் எழுதும் முன் செக்ஷன் ஆபீஸில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு இணைத்தால் எந்த விதி எனக்கு, அந்த விதி எத்தனை வருடம் எனக்கு மாறாது. இந்த நிச்சயமின்மையும் நான் 2 கிலோவாட் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம். தன் தேவைக்கு மட்டும் போட்டவரை விதி மாற்றம் குறைவாகத்தான் தொடும். விற்று லாபம் பார்க்கலாம் என்று போட்டவருக்குத்தான் அடி பலமாக விழும்.

அப்புறம் மற்ற மானியங்கள். சுருக்கமாகச் சொன்னால், சோலாரைத் தவிர வீட்டு மின்சாரத்துக்கு நேரடியாகக் கையில் பணம் தரும் பெரிய திட்டம் எதுவும் இல்லை. வெளிநாடுகளில் சுவருக்கும் கூரைக்கும் வெப்பத்தடுப்புப் போட அரசு பணம் தருவதாக யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அது அங்கே. இங்கே ஓட்டுக்கு வெள்ளை அடிப்பதும் சீலிங் போடுவதும் உங்கள் செலவு. சோலார் வாட்டர் ஹீட்டருக்கு இருந்த மத்திய மானியம் நம் போன்ற மாநிலங்களில் பத்து வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டது, இன்னும் உண்டு என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் முத்திரைதான் உண்டு, பணம் கிடையாது.

ஆனால் மானியமே இல்லாத ஒரு செலவு உங்கள் வீட்டில் சோலாரைவிட முன்னால் நிற்கிறது. ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட். மூன்று ஃபேன் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் மிச்சம். குறைவது உங்கள் படிக்கட்டின் உச்சியில் இருக்கும் ஏழு ரூபாய் யூனிட் என்பதால் பில்லுக்கு ஐந்நூறுக்கு மேல் இறங்கும். ஃபேன் ஒன்று மூவாயிரம் என்றாலும் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். 380 முந்நூறு ஆனபிறகு உங்களுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்ற கேள்வியே மாறிவிடும். ஒன்றரையே போதும், மானியம் 45,000. அதனால் பெயர் மாற்றம் செக்ஷன் ஆபீஸில் ஓடிக்கொண்டிருக்கும் இடைவெளியில் ஃபேனை மாற்றிவிட்டு, அடுத்த ஒரு பில்லைப் பார்த்தபிறகு டீலரிடம் அளவு பேசுங்கள்.

வீட்டில் மாடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் சாண எரிவாயுக் கலத்துக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. கலத்தின் கன மீட்டர் அளவைப் பொறுத்துத் தொகை மாறும், பட்டியலினத்தவருக்குக் கூடுதல். இதில் வருடாந்திர ஒதுக்கீடு தீர்ந்தால் தீர்ந்ததுதான், ஆகவே குழி தோண்டும் முன் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) இந்த வருடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாடு இருந்தால் ஒரு சின்னக் குடும்பத்தின் சமையலில் பெரும்பகுதி அதில் நடந்துவிடும். அப்படி நடந்தால் இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் தேவையும், அதோடு அந்த மூன்றாவது கிலோவாட்டும் உங்களுக்கு வேண்டியிருக்காது.